நொச்சிக் கிழி: கட்டும் முறையும் கவனமும்

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. பாட்டி இருந்தவரை இலை வதக்கி ஒத்தடம் கொடுப்பார். இப்போது பக்குவம் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

நொச்சி இலை இரண்டு கைப்பிடி, புளிய இலை ஒரு கைப்பிடி, ஆமணக்கு இலை நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். அலசி, நிழலில் ஈரம் போக உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் கிழிக்குள், அதாவது இலையை வைத்துக் கட்டும் துணி முடிச்சுக்குள், ஆவி அடைந்து திடீரென்று சுட்டுவிடும். ஆமணக்கு இலையை நறுக்கிச் சேர்த்து, இரும்புச் சட்டியில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டுச் சிறுதீயில் வதக்குங்கள். பச்சை வாடை அடங்கி நொச்சியின் காட்டமான மணம் எழும். இலை சுருண்டு கரும்பச்சையானதும் ஒரு பிடி கல் உப்பைப் போட்டு இறக்குங்கள்.

துணி பழைய பருத்தி வேட்டியாக இருக்கட்டும். பாலியஸ்டர் கலந்தது, கிழியைச் சூடேற்றும் தோசைக்கல்லில் உருகி ஒட்டும். இரண்டாக மடித்த துணியின் நடுவே இலையை வைத்து, நான்கு முனைகளையும் சேர்த்து முறுக்கி நூலால் இறுக்கிக் கட்டுங்கள். ஆரஞ்சுப் பழ அளவு போதும். முறுக்கிய தலைதான் கைப்பிடி. இரண்டாகக் கட்டினால் ஒன்று கல்லில் சூடேறும்போது மற்றது கையில் இருக்கும்.

சூடான கிழியை முதலில் உங்கள் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். இதமாக இருந்தால்தான் அம்மாவின் காலுக்குப் போக வேண்டும். ஆரம்பத்தில் தொட்டுத் தொட்டு எடுங்கள், சூடு தணியத் தணிய அழுத்தலாம். முட்டிச் சில்லின் மேல் அழுத்தாமல், சுற்றியுள்ள சதையில் கொடுங்கள். 15 நிமிடம் போதும்.

கேள்வி: நகரத்தில் நொச்சி கிடைப்பதில்லை. எருக்கிலை வைத்துச் செய்யலாமா?

எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியையே பாதிக்கும். அதனால் வீட்டில் செய்யச் சொல்லி நான் யாருக்கும் எருக்கை எழுதித் தருவதில்லை. தவிடும் கல் உப்பும் சம அளவு வறுத்துக் கட்டுங்கள், அல்லது முருங்கை இலை. ஒத்தடத்தில் பெரும்பங்கு வேலை சூட்டுடையது: இறுகிய தசையைத் தளர்த்தி ரத்த ஓட்டத்தைக் கூட்டுவது அதுதான். எனவே நொச்சி இல்லையே என்று வருந்த வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. பாதம் மரத்து எரிகிறது என்கிறார். கொடுக்கலாமா?

பாதத்தில் வேண்டவே வேண்டாம். என்னிடம் வந்த ஒரு பெரியவர் "சுடவே இல்லையேம்மா" என்று சொல்லச் சொல்ல, மகள் கிழியை இன்னும் இன்னும் சூடாக்கியிருக்கிறார். விடிந்து பார்த்தால் குதிகால் முழுக்கக் கொப்புளம். அது ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அந்தப் பெண் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. உணர்ச்சி மங்கிய காலுக்குச் சுடுவது தெரியாது. அப்பாவுக்கு முதுகிலோ தோளிலோ உணர்ச்சி நன்றாக இருந்தால், அங்கே இளஞ்சூட்டில் கொடுக்கலாம். அப்போதும் அவர் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், உங்கள் முன்கையை நம்புங்கள்.

கேள்வி: நேற்று படியில் கால் பிசகிக் கணுக்கால் வீங்கிவிட்டது.

முதல் இரண்டு நாள் சூடு கூடாது, வீக்கம் கூடும். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். காலை ஊன்றவே முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அதேபோல, மூட்டு சிவந்து கொதித்துக் காய்ச்சலும் இருந்தாலோ, ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தாலோ ஒத்தடமும் கூடாது, உருவி விடவும் கூடாது. அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஒரே கிழியை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

இலைக் கிழியை அன்றன்றைக்குக் கட்டுவதே நல்லது. தவிட்டுக் கிழி ஈரம் படாமல் இருந்தால் சில நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் எறிந்துவிடுங்கள்.

கேள்வி: கணவருக்கு இடது தோள்பட்டை வலி. வாயுப் பிடிப்பாக இருக்குமா, கிழி கொடுக்கவா?

கையை அசைத்தால் கூடி, அசைக்காமல் வைத்தால் குறைகிற வலி பெரும்பாலும் தசைப்பிடிப்புதான், கொடுக்கலாம். ஆனால் நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்குப் பரவும் வலி, இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் சட்டியை அடுப்பில் ஏற்றாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.