40 பேர் உள்ள கம்பெனிக்கு மெயில், காலண்டர், கோப்புப் பகிர்வு எல்லாம் சேர்ந்த சர்வர் மென்பொருள் எது நல்லது? ஜிம்ப்ராவை ஆபீசிலேயே போடலாமா?

நீங்கள் சொன்னதில் மூன்று விஷயம் இருக்கிறது. ஆள் 40, அதில் கணினி தெரிந்தவர் நீங்கள் ஒருவர், மாதச் சந்தா கட்ட முதலாளிக்கு மனசில்லை. இந்த மூன்றாவதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தவன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் சிஸ்டம் பார்த்துக்கொள்கிறேன். 2018-ல் எங்கள் முதலாளி, "ஆளுக்கு இவ்வளவுன்னு மாசா மாசம் எதுக்குங்க கட்டோணும், நீங்களே ஒரு சர்வரைப் போட்ருங்க தம்பி" என்றார். எனக்கும் உள்ளூர ஆசைதான். சும்மா கிடந்த பழைய சர்வரில் இலவச மென்பொருள் ஒன்றை ஏற்றி, மெயிலும் காலண்டரும் ஒரே பக்கத்தில் வருவதைக் காட்டியதும் ஆபீசில் எனக்கு நல்ல பெயர்.

அந்தப் பெயர் இரண்டு மாதம் நின்றது. ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அக்கா ஒருவர் நிற மாதிரியை கூரியரில் அனுப்பிவிட்டு, விவரத்தை பையருக்கு (எங்களிடம் சரக்கு வாங்குகிறவருக்கு) மெயிலில் போட்டார். நான்கு நாளாகியும் பதில் இல்லை. சாயப்பட்டறையில் துணி காத்துக் கிடக்கிறது. போன் போட்டுக் கேட்டால், எங்கள் மெயில் அவர்களுடைய ஸ்பேமில் கிடந்திருக்கிறது.

ஏன் அப்படி ஆனது என்றால், ஒரு சர்வரின் ஐபி எண்ணை, அதாவது இணையத்தில் அதன் முகவரியைக் கொடுத்து 'இது யார்' என்று கேட்டால் உங்கள் டொமைன் பெயர் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வருவது) பதிலாக வர வேண்டும். இதுதான் ரிவர்ஸ் டிஎன்எஸ். டொமைன் உங்களுடையது என்றாலும் இந்தப் பதிவைப் போடுகிற அதிகாரம் ஐபி எண்ணைத் தந்தவர்களிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அது போக, சாதாரண பிராட்பேண்ட் ஐபிகளை மொத்தமாகவே ஒரு பட்டியலில் போட்டு வைத்திருக்கிறது ஸ்பாம் தடுப்பு அமைப்பான ஸ்பாம்ஹாஸ். அதில் இருக்கும் எண்ணிலிருந்து நேரடியாக வரும் மெயிலைப் பல சர்வர்கள் வாசலிலேயே நிறுத்திவிடும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் கெடுபிடி. மெயில் உண்மையாகவே உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் வேண்டும், ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும் சரியாக இருக்க வேண்டும். சின்ன கம்பெனி என்று விலக்கெல்லாம் கிடையாது.

அப்புறம் பேக்கப். தினமும் இரவு ஒரு மணிக்கு ஓடுகிறது என்று நிம்மதியாகத் தூங்கினேன். ஹார்டு டிஸ்க் போன அன்றைக்குத் திறந்து பார்த்தால், பேக்கப் எடுக்கும் டிஸ்க் நிறைந்து நான்கு மாதமாகிவிட்டது. கோப்பின் பெயரில் தேதி சரியாக இருக்கிறது, அளவு மட்டும் பூஜ்யம். யாரையும் குறை சொல்ல முடியாது, ஒரு தடவைகூட மீட்டெடுத்துப் பார்க்காதது என் தப்பு. ஒவ்வொருவருடைய கணினியிலும் அவுட்லுக் மென்பொருள் பழைய மெயில்களைச் சேர்த்து வைத்திருந்த பிஎஸ்டி கோப்பைப் பொறுக்கி எடுத்து ஒட்டவைத்தேன். ஒரு தீபாவளி அதில் போனது.

ஜிம்ப்ரா பற்றிக் கேட்டீர்கள். நல்ல மென்பொருள்தான். ஆனால் இலவசப் பதிப்பை அப்படியே இறக்கி நிறுவிக்கொள்ளும் வசதி 8.8.15 வரிசையோடு நின்றது. அந்த வரிசைக்கான ஆதரவும் 2023 டிசம்பரில் முடிந்துவிட்டது. பழைய வீடியோவைப் பார்த்து அதைப் போட்டுவிடாதீர்கள். 2022-ல் அதில் ஒரு ஓட்டை வெளிவந்தது. மெயிலோடு வரும் இணைப்புக் கோப்புகளை வைரஸ் சோதனைக்காகப் பிரிக்கிற இடத்தில், பாக்ஸ் என்ற சின்ன மென்பொருள் சர்வரில் இல்லாவிட்டால் சிபிஐஓ என்ற பழைய கருவி வேலை செய்யும். தாக்குபவர் அதை வைத்து நினைத்த இடத்தில் கோப்பை இறக்கிவிடலாம். மெயிலை யாரும் திறக்கக்கூட வேண்டாம், வந்து சேர்ந்தாலே போதும். தற்காப்பு என்னவோ எளிதுதான்: பாக்ஸை நிறுவி சேவையை மறுபடி தொடங்க வேண்டும். ஆனால் அந்த அறிவிப்பை அந்த வாரமே படிக்க ஒரு ஆள் வேண்டுமே. அந்த வாரம் நீங்கள் பில்லிங் பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் வாங்கலாமா என்று யாராவது கிளப்பினால்: 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. இப்போது ஆபீசில் வைத்து ஓட்ட இருப்பது சந்தா முறைப் பதிப்பு மட்டும்தான். சந்தாவுக்குப் பயந்து சொந்த சர்வருக்கு வருகிறவருக்கு அதில் என்ன லாபம்?

என் கருத்து இதுதான்: 'எல்லாம் சேர்ந்தது' என்று ஒரே பொருளைத் தேடாதீர்கள். மெயிலையும் காலண்டரையும் காசு கொடுத்து வெளியே வையுங்கள். கோப்புகளை வேண்டுமானால் ஆபீசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெயில் போய்ச் சேர உலகமே உங்கள் சர்வரை நம்ப வேண்டும், ஒரு கோப்பைத் திறக்க உங்கள் ஆபீஸ் ஆட்கள் நம்பினால் போதும். எங்களுக்கு இப்போது மெயில், காலண்டர் ஜோஹோவில். பையர்கள் கூகுள் ஷீட்டிலேயே வேலை செய்கிறவர்கள் என்றால் கூகுள் வொர்க்ஸ்பேஸ் சௌகரியம். ஸ்டைல் வாரியான கோப்புகள், படங்கள், அளவுப் பட்டியல்கள் எல்லாம் ஆபீஸ் சர்வரில், நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளில். 'ஃபைனல், ஃபைனல் 2, புது ஃபைனல்' என்று ஒரே எக்செல் ஏழு பேரிடம் சுற்றியது அதோடு நின்றது. பழைய பதிப்பைத் திரும்ப எடுக்க முடிகிறது என்பதற்காகவே அக்காக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அதிலும் வேலை இருக்கிறது. பெரிய பதிப்புகளைத் தாண்டிக் குதிக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும். இரண்டு வருடம் விட்டுவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். காலண்டரையும் அங்கேயே வைக்கலாமே என்றால், ஐபோனில் நேரடியாக இணையும், ஆண்ட்ராய்டில் தனி ஆப் வேண்டும், அவுட்லுக்கில் தனியாக ஒரு ஆட்-இன் போட வேண்டும். 15 கம்ப்யூட்டரில் அதைப் பராமரித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலாளியிடம் பேசும்போது 40 பேருக்கும் கணக்கு போட்டுக் காட்டாதீர்கள், மிரண்டுவிடுவார். கட்டிங், செக்கிங் சூப்பர்வைசர்களுக்கு எதற்கு மெயில் கணக்கு? அவர்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள், அங்கேயேதான் இருப்பார்கள். எங்களிடம் எண்ணிப் பார்த்தபோது உண்மையில் தேவைப்பட்டது 17 பேருக்குத்தான். அந்தத் தொகைக்குப் பக்கத்தில் ஸ்டாட்டிக் ஐபி (மாறாத ஐபி எண்), யுபிஎஸ் பேட்டரி, இரண்டாவது டிஸ்க் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். "சரி, போடுங்க" என்றார்.

எதை எடுத்தாலும் பணம் கட்டும் முன், பின்னால் அதை விட்டு வேறு இடத்துக்கு மாற முடியுமா என்று சோதனைக் கணக்கில் செய்து பாருங்கள். ஐஎம்ஏபி (சர்வரில் உள்ள மெயிலை எடுக்கும் பொது முறை) வழியாக மெயிலை முழுக்க இன்னொரு இடத்துக்கு நகர்த்த முடிகிறதா, காலண்டர் மற்ற காலண்டர்களும் படிக்கிற ஐசிஎஸ் கோப்பாக இறங்குகிறதா என்று பாருங்கள்.

உங்களிடம் எத்தனை பேர் அவுட்லுக்கை விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள்? அதை எழுதுங்கள். பத்துக்கு மேல் என்றால் மைக்ரோசாஃப்ட் 365 பக்கம் போவதே உங்களுக்கு நிம்மதி, மேலே ஜோஹோ பற்றிச் சொன்னதை மறந்துவிடலாம்.