செல்ஃப் எடுக்காத பழைய மாருதி 800: மோட்டாரை மாற்றும் முன் எர்த் வயரைப் பாருங்கள்

கேள்வி இது: 1998 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. பேட்டரி மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. மெக்கானிக் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். முதலில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை வைத்து அரை மணி நேரம் அளந்து பார்த்தாலே கோளாறு பேட்டரியிலா, வயரிலா, மோட்டாரிலா என்று தெரிந்துவிடும்.

இதே கோளாறோடு நான் நாலு மாதம் அலைந்திருக்கிறேன். எங்களுடையது அப்பா வாங்கிய 1997 மாடல் 800. தூத்துக்குடியில் வீடு, உப்புக் காற்றில்தான் வண்டி நிற்கும். உங்களுக்கு வருகிற அதே ‘டக்’. ஒரு கடையில் பேட்டரியை மாற்றினார்கள். இரண்டு வாரம் ஓடியது, மறுபடி அதே கதை. இன்னொரு கடையில் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் ஒரு விடியற்காலை, அம்மாவைத் திருச்செந்தூருக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தபோது, கோவில் பக்கத்தில் வண்டி எடுக்கவில்லை. நாலைந்து முறை சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு சோக் நாபில் (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கிற குமிழ்) கை வைத்தேன். சுட்டது. வண்டி ஓடவே இல்லை, எஞ்சின் குளிர்ந்து கிடக்கிறது, சோக் கேபிள் மட்டும் ஏன் சுடுகிறது?

விடை அந்தச் சூட்டில்தான் இருந்தது. செல்ஃப் மோட்டாருக்குப் போகிற கரண்ட் எஞ்சின் வழியாகத் திரும்பி, கனமான எர்த் வயரில் பேட்டரியின் நெகட்டிவுக்கு வந்து சேர வேண்டும். அந்த வழி அடைபட்டால் கரண்ட் வேறு வழி தேடும். எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற வேறு இரும்பு என்ன இருக்கிறது? சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள். அந்த மெல்லிய கம்பிக்குள் அத்தனை கரண்டும் நுழையப் பார்த்தால் சுடாமல் என்ன செய்யும்? உங்கள் வண்டியிலும் இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்துவிட்டு அந்தக் கேபிள்களைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தாலே எர்த் கோளாறு என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். அதற்கு மேல் விடாமல் அடிக்காதீர்கள், கேபிளின் உறை உருகிவிடும்.

அன்றைக்கு நாலு பேர் தள்ளித்தான் வண்டி கிளம்பியது. வீட்டுக்கு வந்து எர்த் வயரைப் பார்த்தால் வெளியில் ஒரு குறையும் இல்லை. கியர்பாக்ஸில் அது முடிகிற போல்ட்டைக் கழற்றினேன். லக்கின் (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) அடியில் பச்சையும் வெள்ளையுமாகத் தூள். ரப்பர் உறையை இரண்டு அங்குலம் கீறிப் பார்த்தபோது உள்ளே செம்பு இழைகள் கறுத்துப்போய், விரலால் நசுக்கினால் பொடியாக உதிர்ந்தன. புது எர்த் வயர் போட்டேன், போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தேன். அதன் பிறகு அந்தச் சத்தம் வரவே இல்லை. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் கொடுத்த காசு முழுக்க வீண்.

‘லைட் நன்றாக எரிகிறதே, கனெக்‌ஷன் சரியாகத்தானே இருக்க வேண்டும்?’ என்று நினைப்பீர்கள். எல்லாரும் ஏமாறுகிற இடம் இதுதான். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது சுமார் 9 ஆம்பியர். சின்ன பெட்ரோல் எஞ்சினின் செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். எர்த் இணைப்பில் 0.02 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். லைட் போடும்போது அங்கே 0.18 வோல்ட்தான் வீணாகும், கண்ணுக்கே தெரியாது. செல்ஃப் அடிக்கும்போது அதே இடத்தில் 2 வோல்ட் போய்விடும். மீட்டரை ஓம் அளவில் வைத்து ‘பீப்’ கேட்டுவிட்டு வயர் நல்லா இருக்கு என்று சொல்வதும் இதனால்தான் செல்லாது. நூறு இழையில் நாலு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். ஆகவே கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டும்.

எப்படி என்று சொல்கிறேன். ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, சாவியைத் திருப்ப ஒருவரை உட்கார வையுங்கள். மீட்டர் 20 வோல்ட் டிசியில் இருக்கட்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, சார்ஜ் போட்டுவிட்டு மேலே பாருங்கள். அடுத்து, மீட்டர் ஊசிகளை பேட்டரியின் ஈயக் குமிழ்களின் மேலேயே வைத்து (கிளாம்பின் மேல் வேண்டாம்) சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது மோட்டார் இறுகிப்போய் அளவுக்கு மீறி இழுக்கிறது. ‘டக்’ என்ற பிறகும் 12-ஐ ஒட்டியே நின்றால் கரண்ட் மோட்டாருக்குப் போகவே இல்லை என்று அர்த்தம். உங்கள் வண்டி இப்படித்தான் காட்டும் என்று நினைக்கிறேன். பேட்டரி காலியாக இருந்தால் பெரும்பாலும் ‘டக்டக்டக்’ என்று விடாமல் அடிக்கும், ஒற்றைச் சத்தம் வராது.

இப்போது முக்கியமான அளவு. ஒரு ஊசி பேட்டரியின் நெகட்டிவ் குமிழில், இன்னொன்று எஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இரும்பில். சாவியைத் திருப்பும்போது 0.2, 0.3 வோல்ட் வந்தால் கவலை இல்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில்தான் கோளாறு. என் வண்டியில் 5 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அதேபோல் பாசிட்டிவ் குமிழுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த வயர் போல்ட்டுக்கும் நடுவில் அளங்கள், அதுவும் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீட்டர் கையில் இல்லையென்றால் ஒரு ஜம்பர் கேபிளை பேட்டரி நெகட்டிவிலிருந்து நேரே எஞ்சின் இரும்பில் மாட்டி அடித்துப் பாருங்கள். உடனே எடுத்தால் விடை கிடைத்தாயிற்று.

இரண்டு பக்கமும் சரியாக இருந்து, சாலினாய்டுக்கு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற காந்த சுவிட்ச்) வருகிற மெல்லிய வயரில் மட்டும் வோல்ட் குறைவாக இருந்தால் சாவி சுவிட்ச் தேய்ந்திருக்கும். இத்தனை வருடப் பழைய வண்டிகளில் இது சகஜம். நடுவில் ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறக்கிற சுவிட்ச்) போட்டால் போதும். அதுவும் சரியாக இருந்தால் மட்டும் மோட்டாரில் கை வையுங்கள். அப்போதும் பெரும்பாலும் முழு மோட்டாரை மாற்றத் தேவை வராது. சாலினாய்டு கான்டாக்ட், கார்பன் பிரஷ், புஷ் இவற்றை நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் தனித்தனியாகவே மாற்றிக் கொடுப்பார்.

கழற்றும்போது நெகட்டிவை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். மோதிரம், வாட்ச் எதுவும் கையில் வேண்டாம். டெர்மினலில் பூத்திருக்கும் பொடி மேல் ஆப்ப சோடா கலந்த வெந்நீரை ஊற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக் கொண்டு போய்விடும், பேட்டரியின் மூடிக்குள் மட்டும் அது இறங்கக் கூடாது. காய்ந்ததும் இறுக்கி முறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் பூசுங்கள். வாசலினை முதலில் பூசிவிட்டு மாட்டாதீர்கள், கிளாம்பும் ஈயக் குமிழும் நேராக ஒட்ட வேண்டும்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் பேட்டரியில் 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்கிற, கடைகளில் ‘டைனமோ’ என்கிற பாகம்) வேலை செய்கிறது. எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி ‘டைனமோ நல்லா இருக்கா’ என்று பார்க்கிற பழக்கம் சில கடைகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள். அந்த நொடியில் வோல்ட் எகிறி ஆல்டர்னேட்டர் டயோடே போய்விடலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்குகிறது என்றால் அது வேறு கோளாறு. எங்கோ கரண்ட் கசிகிறது. பின்னால் மாட்டிய ஸ்டீரியோ, சென்ட்ரல் லாக், ரிவர்ஸ் ஹார்ன் இவற்றில்தான் முதலில் சந்தேகப்படுவேன். வண்டியை அணைத்து, கதவெல்லாம் மூடி, நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் நெகட்டிவ் குமிழுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியரில் மாட்டுங்கள். அந்த நிலையில் மட்டும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் போய்விடும். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. 0.3 காட்டினால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-அவர் போகிறது, 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஐந்து நாளில் காலி. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழிதான். எதற்கும் விழாவிட்டால் ஆல்டர்னேட்டரின் வயரைக் கழற்றிப் பாருங்கள், டயோடு கசிந்தால் ஃபியூஸ் பிடுங்குவதில் பிடிபடாது.

நெகட்டிவ் குமிழுக்கும் எஞ்சினுக்கும் நடுவே செல்ஃப் அடிக்கும்போது எத்தனை வோல்ட் வந்தது என்று கீழே எழுதுங்கள். அந்த ஒரு எண் தெரிந்தால் மேற்கொண்டு சொல்கிறேன். அதுவரை மெக்கானிக்கிடம் மோட்டாருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.