வரி கட்டியும் தெரு ரோடு ஒரே மழையில் பெயர்ந்துவிடுகிறது. அந்தப் பணம் எங்கே போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நாம் கட்டும் வரிகள் முக்கியமாக மூன்று: சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி, வாங்கும் பொருளில் ஜிஎஸ்டி, வீட்டுக்குச் சொத்து வரி. மூன்றையும் கட்டிவிட்டு முழங்கால் பள்ளத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு வரும் கோபம் முழுக்க நியாயமானது. அது யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

வருமான வரி டெல்லிக்குப் போகிறது. 2025-26 மத்திய பட்ஜெட்டில் செலவாகும் ஒவ்வொரு ரூபாயிலும் 22 பைசா மாநிலங்களின் வரிப் பங்கு, 20 பைசா பழைய கடனுக்கு வட்டி, 8 பைசா ராணுவம். வரியோடு சேர்த்துப் பிடிக்கும் 4 சதவீத செஸ் என்கிற கூடுதல் வரி மாநிலங்களோடு பகிரப்படுவதே இல்லை. உங்கள் தெரு ரோடு பெரும்பாலும் சொத்து வரியிலும், மாநில அரசு உள்ளாட்சிக்குத் தரும் மானியத்திலும், திட்ட நிதியிலும் போடப்படுவது. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் சொத்து வரியை 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தினார்கள். ஆகவே கணக்குக் கேட்க வேண்டிய முதல் இடம் உங்கள் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகம். பஸ் போகும் பெரிய ரோடு என்றால் அது நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதல்வரின் உதவி மையம் 1100-க்குப் போன் செய்தால் பள்ளத்தில் நாலு சட்டி ஜல்லி கொட்டுவார்கள். பணம் என்ன ஆனது என்பதற்கு அங்கே பதில் கிடைக்காது. அதற்கான பதில் ஒரே ஒரு கோப்பில் இருக்கிறது: அந்த ரோடு வேலையின் கோப்பு. அதன் உயிர்நாடி எம்-புக், அதாவது அளவுப் புத்தகம். எத்தனை மீட்டர் நீளம், எத்தனை மீட்டர் அகலம், எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று பொறியாளர் அளந்து எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸ் ஆகும். மேலதிகாரி சரிபார்த்த அளவீடும் அதிலேயே பதிவாகும். தப்பு நடந்திருந்தால் அது அநேகமாக இந்தப் புத்தகத்துக்கும் தரைக்கும் நடுவில்தான் நடந்திருக்கும்.

கணக்கு எளிது. ஒரு பேச்சுக்கு 200 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 24 கன மீட்டர். உருட்டி இறுக்கிய தார்க் கலவை ஒரு கன மீட்டர் சுமார் 2.35 டன் இருக்கும். மொத்தம் 56 டன். பத்துச் சக்கர டிப்பர் ஒன்று சட்டப்படி 17 டன் போல ஏற்றும் என்றால் மூன்று லோடுக்கு மேல் வந்தாக வேண்டும். கனத்தை 20 மில்லிமீட்டராகக் குறைத்துவிட்டால் 38 டன்னில் வேலை முடிந்துவிடும். 18 டன்னுக்கு மேல் கலவை தெருவுக்கு வராமலேயே பில் ஏறிவிடும். ரோடு போடும் அன்று தெருவில் யாராவது ஒருவர் லோடை எண்ணி வைத்தால் போதும். உருட்டிய பிறகு ஓரத்தில் ஸ்கேல் வைத்து ஐந்தாறு இடங்களில் அளந்து போட்டோ எடுங்கள். ஓரம் எப்போதும் கொஞ்சம் மெலிந்திருக்கும், அதனால் ஒரே ஓர் இடத்து அளவை வைத்து யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது சுரண்டல், அதாவது மில்லிங். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் அளவில் உத்தரவு வந்தது. சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுத்தான் பல தெருக்களில் வீட்டு வாசற்படி ரோட்டுக்குக் கீழே போய், மழைத் தண்ணீர் நடுக்கூடத்துக்கு வருகிறது. ரோடு வேலையின் செலவு மதிப்பீட்டில் மில்லிங்குக்குத் தனி இனமாகப் பணம் இருந்து, தெருவில் மெஷினே வரவில்லை என்றால் அது மிகத் தெளிவான ஆதாரம். புது ரோட்டுக்குப் பிறகு உங்கள் வாசற்படி எத்தனை அங்குலம் தாழ்ந்தது என்று அளந்து வையுங்கள்.

கோப்பை வாங்க வழி 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் மனு, அதில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முகவரி 'பொதுத் தகவல் அலுவலர்' என்று அந்த அலுவலகத்துக்கு. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, பட்டுவாடா ஆன அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். அந்த அலுவலகத்துக்கு ஆன்லைன் வசதி இருந்தால் அதிலும் அனுப்பலாம். மனு தோற்பது பெரும்பாலும் கேட்கும் விதத்தால்தான். 'ஏன் ரோடு தரமாக இல்லை?' என்று கேட்டால் 'இது சட்டப்படி தகவல் ஆகாது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 'மாநகராட்சியின் எல்லா ரோடுகளும், பத்து வருஷம்' என்று கேட்டால் அலுவலகப் பணி பாதிக்கும் என்பார்கள். ஒரு தெரு, ஒரு வேலை, பெயர் சொல்லி ஆவணம். இப்படி எழுதலாம்:

'…வார்டு, …தெருவில் …ஆம் ஆண்டு போடப்பட்ட தார்ச்சாலைப் பணி தொடர்பாக: நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, விரிவான மதிப்பீடு, பணி ஆணை, ஒப்பந்தம், அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், இறுதிப் பட்டியல், தரப் பரிசோதனை அறிக்கை, குறைபாடு பொறுப்புக் காலம் முடியும் தேதி ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் வேண்டும். மேற்படி கோப்பையும் பணியையும் பிரிவு 2(ஜே)-யின்படி நேரில் ஆய்வு செய்யவும் அனுமதி வேண்டும்.'

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நேரில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டும்போது எதற்கு நகல் வேண்டும் என்பது தெரியும், பக்கத்துக்கு 2 ரூபாய் வீணாகாது. அதே பிரிவில், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரி கேட்கவும் உரிமை இருக்கிறது. ஒப்பந்ததாரரின் பான் எண், வீட்டு முகவரி ஆகியவற்றைக் கேட்காதீர்கள். உங்களுக்கு அவை தேவையே இல்லை, மறுப்பதற்கு அவர்களுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

30 நாளில் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாலும் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றுவது அவர்கள் கடமை. கெடு தாண்டினால் நகல்களை இலவசமாகத் தர வேண்டும். பதில் இல்லை, அல்லது மழுப்பல் என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். நிறைய மனுக்களுக்கு இந்தக் கட்டத்தில் பதில் வந்துவிடுகிறது, ஏனென்றால் இப்போது மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. அதற்கும் மசியவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே மாதக்கணக்கில், சில சமயம் வருஷத்தைத் தாண்டியும் இழுக்கும். நாள் ஒன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு.

பணி ஆணைத் தேதியையும் கவனியுங்கள். மார்ச் 31-க்குள் செலவாகாத நிதி கைவிட்டுப் போகும் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் அவசர அவசரமாக வேலை நடக்கும். மத்திய அரசின் பொது நிதி விதிகள், ஆண்டுக் கடைசியில் செலவைக் குவிப்பதையே நிதி ஒழுக்கத்தை மீறுவதாகச் சொல்கின்றன. அவசரத்தில் போட்ட ரோட்டுக்கு அடியில் போன மாதம்தான் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி, சரியாக இறுக்காமல் மண்ணை மூடியிருப்பார்கள். மேலே எவ்வளவு நல்ல தார் போட்டாலும் அந்தப் பள்ளத்தின் வழியே அது உள்ளே அமுங்கும்.

நகல் கைக்கு வந்ததும் முதலில் குறைபாடு பொறுப்புக் காலத்தைத் தேடுங்கள். அந்தத் தேதிக்குள் ரோடு பெயர்ந்தால் ஒப்பந்ததாரர்தான் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும், அதற்காக அவர் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்தும் வைத்திருப்பார்கள். யாரும் கேட்காததால் தேதி ஓடிவிடுகிறது, பிடித்த பணம் திரும்பிப் போகிறது, பிறகு அதே பள்ளத்துக்குப் புதிய மதிப்பீடு போட்டு நம் வரியை இரண்டாம் முறை செலவு செய்கிறார்கள். எனக்கு இதில் மிகவும் ஆத்திரம் தருவது இந்த இரண்டாவது செலவுதான், தடுக்க மிக எளிதானதும் இதுவே. தேதி தாண்டுவதற்குள் ஆணையருக்கோ செயல் அலுவலருக்கோ, போட்டோவும் ஒப்பந்த நகலும் இணைத்து, 'குறைபாடு பொறுப்புக் காலத்துக்குள் உள்ளது, ஒப்பந்ததாரர் செலவில் சீரமைக்கவும், பிடித்தம் செய்த தொகையை அதுவரை விடுவிக்க வேண்டாம்' என்று எழுதி, ஒப்புகை வாங்குங்கள். தெருவில் பத்துப் பேர் கையெழுத்து இருந்தால் இன்னும் நல்லது.

அளவுப் புத்தகத்துக்கும் தரைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் உள்ளாட்சி மீதான புகார்களை விசாரிக்க 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ள உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கோ லஞ்ச ஒழிப்புத் துறைக்கோ அந்த நகல்களோடு போகலாம். ஊராட்சி என்றால் வருஷத்துக்கு ஆறு கிராம சபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே அளவுப் புத்தகப் பக்கத்தை எழுந்து நின்று வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். பதிந்ததைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.