பசிக்கு ஒரு சிரப், அலர்ஜிக்கு ஒரு சிரப்: சேர்த்துக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது, எடை 14 கிலோ. காலையில் எழுந்ததும் தும்மலும் மூக்கில் நீரும் வரும். டாக்டர் இரவில் 2.5 மில்லி செட்டிரிசின் சிரப் கொடுக்கச் சொன்னார். சரியாகச் சாப்பிடாததால், மருந்துக் கடையில் கேட்டு, பசி எடுக்க ஒரு சிரப் வாங்கி மூன்று வேளையும் ஒரு ஸ்பூன் கொடுக்கிறேன். சளி பிடித்தால் வீட்டில் இருக்கும் சளி சிரப்பையும் கொடுப்பேன். இப்போது பள்ளியில் தூங்கி வழிகிறாள், மலச்சிக்கலும் இருக்கிறது. தொடரலாமா?
வாசகி, ஈரோடு

பதில்: பசி சிரப்பையும் சளி சிரப்பையும் இன்றே நிறுத்திவிடுங்கள். செட்டிரிசின் மட்டும் போதும்.

பசி சிரப்பின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 'சைப்ரோஹெப்டடின்' என்று இருக்கும். அதுவும் ஒரு அலர்ஜி மருந்துதான். மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பதால் பசி கூடுகிறது. சளி சிரப்பில் பெரும்பாலும் 'குளோர்பெனிரமின்' இருக்கும். அதுவும் அதே வகை. ஆக, சளி பிடித்த நாளில் உங்கள் மகளுக்கு மூன்று அலர்ஜி மருந்துகள் போகின்றன. தூக்கமும் மலச்சிக்கலும் வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். வாய் உலர்வது, சிறுநீர் கழிக்கச் சிரமம், காரணமில்லாத சிடுசிடுப்பு, அழுகை ஆகியவையும் வரலாம்.

அளவையும் பாருங்கள். சைப்ரோஹெப்டடின் சிரப் வழக்கமாக 5 மில்லியில் 2 மி.கி. இருக்கும். நாள் முழுவதற்குமான அளவு கிலோவுக்கு 0.25 மி.கி. என்று கணக்கிட்டால் 14 கிலோவுக்கு 3.5 மி.கி. நீங்கள் கொடுப்பது சுமார் 6 மி.கி. 'சுமார்' என்று சொல்லக் காரணம், சமையலறை ஸ்பூன்தான். ஒன்று 3 மில்லி பிடிக்கும், இன்னொன்று 7 மில்லி பிடிக்கும். மருந்தோடு வரும் அளவு மூடியைச் சமதளத்தில் வைத்து, கண் மட்டத்தில் பார்த்து ஊற்றுங்கள். 5 மில்லிக்குக் குறைவான அளவுக்கு ஊசி இல்லாத சிரிஞ்சே சரி. குழந்தையை உட்கார வைத்து, கன்னத்தின் உட்புறமாக மெதுவாக விடுங்கள். தொண்டையில் பீய்ச்சினால் புரை ஏறும். ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளை இரண்டு மடங்காகக் கொடுக்கக் கூடாது.

சைப்ரோஹெப்டடினை 2 வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது. மற்றக் குழந்தைகளுக்கும், எடை ஏறாததற்கு மருத்துவர் காரணம் தேடிய பிறகு, சில வாரங்களுக்கு மட்டும்தான். நிறுத்தினால் கூடிய பசி பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். குளோர்பெனிரமினும், மூக்கடைப்பு மருந்தான பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி சிரப்பை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. பொதுவாகவே 5 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்துகள் தேவையில்லை என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையும் அறிவுறுத்தியது. அந்தப் பாட்டிலை இனி வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம்.

இனி பசிக்கு வருவோம். 4 வயதுப் பெண் குழந்தைக்கு 14 கிலோ இயல்பான வரம்புக்குள்தான் இருக்கிறது. முதல் வயதில் ஆறேழு கிலோ ஏறிய குழந்தை, அதன்பின் வருடத்துக்கு 2 கிலோ அளவில்தான் ஏறும். வளர்ச்சி வேகம் குறைவதால் பசியும் குறைகிறது, அது நோயல்ல. தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட வேண்டியதில்லை.

ஒரு நாளில் எவ்வளவு பால் குடிக்கிறாள் என்று அளந்து பாருங்கள். மூன்று டம்ளர் பாலும் சத்துப் பவுடரும் உள்ளே போனால் சோற்றுக்கு இடம் ஏது? பால் 400 முதல் 500 மில்லியைத் தாண்ட வேண்டாம். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. இரும்புச்சத்து குறைந்தால் பசி மங்கும், பசி மங்கினால் இரும்புச்சத்து மேலும் குறையும். ஹீமோகுளோபின் பரிசோதியுங்கள், இந்த வயதில் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. கடந்த 6 மாதத்தில் பூச்சி மாத்திரை கொடுத்தீர்களா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மலச்சிக்கலே பசியைக் கெடுக்கும் என்பதால் அது சரியானாலே ஓரளவு மாற்றம் தெரியும்.

மூக்கடைப்பும் பசியைக் குறைக்கும். வாசனை தெரியாது, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே மெல்லவும் முடியாது. தலையணை உறை, போர்வைகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். தும்மல் வாரக்கணக்கில் நீடித்தாலோ, குறட்டை விட்டாலோ செட்டிரிசினைக் கூட்டாதீர்கள். மூக்கில் அடிக்கும் ஸ்பிரே தேவையா, மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையில் வீக்கமா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். எடை குறைவது, விட்டுவிட்டுக் காய்ச்சல், தொடர்ந்த இருமல் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

உடலில் தடிப்போடு மூச்சுத் திணறல், உதடு அல்லது நாக்கு வீக்கம், தொடர் வாந்தி வந்தால் அலர்ஜி சிரப்பை நம்பி நேரத்தைக் கடத்தாதீர்கள். அப்போது தேவை அட்ரினலின் ஊசி. உடனே 108-ஐ அழையுங்கள். இனிப்பாக இருக்கிறதே என்று குழந்தை சிரப் பாட்டிலையே குடித்துவிட்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள். தூக்கம் மட்டுமல்ல, முகம் சிவந்து, பிதற்றி, வலிப்புகூட வரலாம். வாந்தி எடுக்க வைக்காமல், காலிப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.