யாருக்கும் தெரியவில்லை என்று சொல்லலாமா?

கேள்வி: என் மகன் சிங்கப்பூரில் உயர்நிலை 2 படிக்கிறான், பள்ளி பேண்டில் பிரெஞ்சு ஹார்ன் வாசிக்கிறான். சென்ற மாதம் நடந்த பள்ளி இசை நிகழ்ச்சியில், சீருடையோடு அவன் மேடையில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததுமே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மெதுவான ஒரு பாட்டில் அவன் தனியாக வாசிக்கும் இடத்தில் ஒரு சுரம் பிசிறிவிட்டது. வீடு திரும்பும்போது, "யாருக்குமே தெரியலப்பா, நீ நல்லாத்தான் வாசிச்சே" என்றேன். "நீ கேக்கவே இல்லம்மா" என்று சொன்னவன், பேண்டிலிருந்தே விலகப்போவதாகச் சொல்கிறான். நான் எடுத்த காணொளியை ஊரில் உள்ள உறவினர்களுக்கு அனுப்பியதிலும் அவனுக்குக் கோபம். பெற்றவள் பெருமைப்படுவது தவறா?
– ஒரு தாய், சிங்கப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பெருமைப்பட்டதில் தவறே இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அவன் ஒரு சுரம்கூட வாசிக்கும் முன்பே உங்களுக்குக் கண் நிறைந்துவிட்டது. தாய்க்கு அது இயல்புதான் என்றாலும், வாரந்தோறும் பள்ளி முடிந்த பிறகு ஒத்திகையில் உட்கார்ந்த பையனுக்கு, நன்றாக வாசித்தாலும் பிசிறினாலும் அம்மாவிடமிருந்து வருவது ஒரே பாராட்டுதான் என்றால், தன் உழைப்பை யார்தான் கவனித்தார்கள் என்று தோன்றத்தான் செய்யும். பிசிறியது அவனுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த ஹார்ன் பிள்ளைகளுக்கும் பேண்ட் பயிற்றுவிப்பாளருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் எழுதியிருக்கிறீர்கள். கேட்டுவிட்டு, கேட்காதவர் போல ஆறுதல் சொன்னீர்கள். அவனும் அதை அப்படியே நம்பி, நீங்கள் கேட்கவில்லை என்று முடிவுகட்டிவிட்டான்.

அவன் கையில் இருக்கும் கருவியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது உங்களுக்கு உதவும். எஃப் சுரத்தில் அமைந்த பிரெஞ்சு ஹார்னின் சுருட்டி வைத்திருக்கும் குழாயை நீட்டினால் ஏறத்தாழ 12 அடி வரும். டிரம்பெட்டின் குழாய் ஏறத்தாழ நாலரை அடிதான். அவ்வளவு நீளக் குழாயில் மேல் சுரங்கள் ஒன்றையொன்று நெருக்கியடித்து நிற்பதால், விரல் அழுத்தும் வால்வு மாறாவிட்டாலும் உதட்டின் இறுக்கம் சற்றே மாறினால் போதும், பக்கத்துச் சுரம் ஒலித்துவிடும். ஊதுவதற்கு முன்பே அந்தச் சுரத்தை மனத்துக்குள் கேட்டுப் பிடித்தாக வேண்டும். குளிரூட்டிய அரங்கில் பல வரிகள் வாசிக்காமல் எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று தனியாக, அதுவும் மெல்லிய ஒலியில் தொடங்குவது இன்னும் சிரமம். பெரிய இசைக்குழுக்களில் பல ஆண்டுகள் அனுபவம் உள்ள ஹார்ன் கலைஞர்களுக்கும் சுரம் பிசிறுவது உண்டு.

இப்போது அந்தக் காணொளியை எடுத்து, திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். பிசிறிய சுரத்துக்கு அடுத்த சுரத்தை அவன் எந்த இடத்தில் பிடித்தான்? அணிநடைப் பாட்டு ஏதேனும் வாசித்திருந்தால், டியூபா என்ற பெரிய, தாழ்ந்த ஒலிக் கருவி தாளத்தின் மேல் விழ, அதன் இடைவெளியில் ஹார்ன்கள் எட்டிப் பிடிப்பதையும் கவனியுங்கள். நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரைப் போல, அதைத் தனியாக யாரும் பாராட்டுவதில்லை, நின்றுவிட்டால்தான் தெரியும். அந்த மாலையில் உங்கள் மகன் செய்த வேலையில் பெரும்பகுதி அந்த ஒரு சுரத்தில் இல்லை.

அதன் பிறகு அவனிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: "அந்த இடம் பிசிறினது எனக்கும் கேட்டுச்சுப்பா. நீ வருத்தப்படுவியேன்னுதான் அப்படிச் சொன்னேன்." அதற்கு மேல் புகழ்ச்சி வேண்டாம். அவன் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பேண்டிலிருந்து விலகும் பேச்சுக்கு இப்போது சரியென்றும் சொல்லாதீர்கள், கூடாதென்றும் வாதாடாதீர்கள். இணைப்பாட நடவடிக்கையை இடையில் மாற்றுவது பள்ளியைக் கலந்து செய்ய வேண்டிய காரியம். அதை அவமானத்தின் சூட்டில் முடிவுசெய்யக் கூடாது. இரண்டொரு ஒத்திகைகளுக்குப் போகட்டும். ஹார்ன் பிரிவில் மூத்த மாணவர் ஒருவர் தமக்கும் இப்படி நடந்ததென்று சொன்னால், நீங்களும் நானும் சொல்வதைவிட அது எடுபடும். அதற்கடுத்த மாதமும் அவன் விலகத்தான் விரும்பினால், அப்போது காரணத்தைக் கேளுங்கள். அது வேறு காரணமாகவும் இருக்கலாம்.

உறவினர்கள் "பரிசு கிடைத்ததா?" என்று கேட்டிருப்பார்களே! இது போட்டி அல்லவே. 1967இல் தொடங்கிய சிங்கப்பூர் இளையர் விழாவிலேயே, பள்ளிக் குழுக்களுக்குத் தங்கம், வெள்ளி என்று தந்துவந்த விருதுகளை 2013இல் நிறுத்திச் சான்றிதழ்களாக மாற்றிவிட்டார்கள்.

காணொளி விஷயத்தில் மட்டும் அவன் பக்கம்தான் நியாயம். அவனைக் கேட்காமல் அனுப்பியதற்கு வருத்தம் தெரிவித்து, உறவினர்களுக்கு அனுப்பிய இடத்திலிருந்து அதை நீக்க முடிந்தால் நீக்கிவிடுங்கள். அன்று வாசித்தவற்றில் தனக்குப் பிடித்த பாட்டு எது என்று அவனே தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், அதை அனுப்பலாம். முந்தையது எங்கே என்று யாராவது கேட்டால், இதைக் கேளுங்கள் என்று சொன்னால் போதும்.