நீர் ராசியில் பிறந்த குழந்தைகளின் குணம் எப்படி இருக்கும்?

கேள்வியில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. கடகம், விருச்சிகம், மீனம் ராசிக் குழந்தைகளுக்குப் பொதுவான குணம் உண்டா? அழுகையும் பிடிவாதமும் அதிகமா? ஆயில்யம், கேட்டை என்றால் பயப்பட வேண்டுமா? பெயர் எழுத்து எது? மூன்றாவதற்கு முதலிலேயே பதில்: பயப்பட வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

அதற்கு முன், குழந்தை உண்மையிலேயே நீர் ராசிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பலர் இங்கேயே சறுக்குகிறார்கள். இணையத்தில் 'கேன்சர் பேபி' என்று வருவது ஏறத்தாழ ஜூன் 21 முதல் ஜூலை 22 வரை பிறந்த குழந்தை. அது சூரியனை வைத்துச் சொல்வது, அதுவும் சாயனக் கணக்கு, அதாவது சம இரவு நாளை வைத்து ராசியைப் பிரிப்பது. நம் பஞ்சாங்கம் நிராயணம், வானத்து நட்சத்திரங்களை வைத்துப் பிரிப்பது. இரண்டுக்கும் இடையே இப்போது சுமார் 24 பாகை வித்தியாசம், அதைத்தான் அயனாம்சம் என்பார்கள். ஜூலை 10 அன்று பிறந்த குழந்தை அவர்கள் கணக்கில் கேன்சர். நமக்கு அன்று ஆனி மாதம், சூரியன் மிதுனத்தில். அதற்கும் மேல், நாம் ராசி என்பது சந்திரன் நிற்கும் வீடு. சந்திரன் ஒரு வீட்டைக் கடக்க இரண்டேகால் நாள்தான் ஆகும் என்பதால், ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மூன்று, நான்கு ராசிகள் வந்துவிடும். ஆகவே அங்கே படித்த குணங்களைக் கடக ராசிப் பிள்ளைக்கு ஒட்டவைக்காதீர்கள்.

சரி, மூன்றும் நீர் ராசி என்பதால் ஜோதிடத்தில் பொதுவாகச் சொல்வது என்ன? உணர்ச்சி முந்தி நிற்கும், வீட்டின் மனநிலையைச் சட்டென்று உள்வாங்கும், பழகியவர்களிடம் ஒட்டுதல் அதிகம், நினைவாற்றல் நன்றாக இருக்கும். இவ்வளவுதான் பொது. அதன் பிறகு மூன்றும் பிரிந்துவிடும். கடகம் சர (நகரும்) ராசி, அதிபதி சந்திரன். ஓடும் நீர் என்பார்கள். மனநிலை சீக்கிரம் மாறும், அழுத கண்ணீர் காயும் முன்பே சிரிக்கும். விருச்சிகம் ஸ்திர (நிலையான) ராசி, அதிபதி செவ்வாய், கிணற்று நீர். உள்ளே வைத்துக்கொள்ளும், பிடித்த பிடியை விடாது. மீனம் உபய (இரண்டும் கலந்த) ராசி, அதிபதி குரு, கடல். கற்பனை அதிகம், எல்லாரிடமும் இளகும், சொன்னதைப் பாதியில் மறந்துவிட்டு வேறு உலகத்துக்குப் போய்விடும். 'நீர் ராசி' என்ற ஒரே பெயரில் மூவரையும் அடைப்பது ஜோதிடப்படியே தவறு. பழைய நூல்களிலேயே பலம் பார்க்கும் இடத்தில் விருச்சிகத்தை 'கீட ராசி' (பூச்சி ராசி) என்று தனியாகவும், மகரத்தின் பின்பாதியை ஜல ராசிகளோடும் வைத்திருக்கிறார்கள்.

அனுபவமுள்ள ஜோதிடர் ராசியோடு நிற்க மாட்டார், நட்சத்திரத்துக்குப் போவார். நீர் ராசிகளில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மூன்றுமே குரு அதிபதியான நட்சத்திரத்து நான்காம் பாதத்தில் (கடைசிக் கால் பங்கில்) தொடங்கி, சனியின் நட்சத்திரம் முழுவதையும் கடந்து, புதனின் நட்சத்திரத்தில் முடிகின்றன. கடகத்தில் புனர்பூசம் 4, பூசம், ஆயில்யம். விருச்சிகத்தில் விசாகம் 4, அனுஷம், கேட்டை. மீனத்தில் பூரட்டாதி 4, உத்திரட்டாதி, ரேவதி. அதனால் பூசமும் அனுஷமும் உத்திரட்டாதியும் ராசி வேறானாலும் சாயலில் ஒத்துப்போகும்: வயதுக்கு மீறிய அமைதி, புது ஆளிடம் போகத் தயக்கம், ஒழுங்கு குலைந்தால் எரிச்சல். ஆயில்யம், கேட்டை, ரேவதிக்குப் பேச்சும் சூட்டிகையும் சொல்வார்கள். ஒரு கடகப் பூசக் குழந்தைக்கு அதே ராசி ஆயில்யத்தைவிட மீன உத்திரட்டாதிக் குழந்தை நெருக்கமாகத் தெரிய வாய்ப்புண்டு.

தசையும், அதாவது ஒரு கிரகம் ஆளும் காலமும், பிறந்த நட்சத்திரத்தின் அதிபதியிலிருந்துதான் தொடங்குகிறது. அனுஷம் அன்று 24 மணி நேரம் ஓடுகிறது, குழந்தை அது தொடங்கி 6 மணி கழித்துப் பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். மீதி 18 மணி, அதாவது முக்கால் பங்கு. சனி தசை 19 வருடத்தில் முக்கால் பங்கு, 14 வருடம் 3 மாதம் இருப்பு. பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதி சனி தசையிலேயே போகும். புனர்பூசம் 4-இல் பிறந்தால் குரு தசை இருப்பு அதிகபட்சம் 4 வருடம்தான், பிறகு சனி 19. ஆயில்யத்துக்குப் புதன் தசை 17 வருடத்தில் மீதி, அடுத்து கேது 7, அதன் பின் சுக்கிரன் 20. நட்சத்திரம் எப்போதும் சரியாக 24 மணி ஓடாது. சந்திரனின் வேகத்தைப் பொறுத்து சுமார் 21 முதல் 27 மணி வரை மாறும். நாலால் வகுத்துப் பாதம் போடும்போது அன்றைய உண்மையான நீளத்தை எடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஆறு ஆறு மணி என்று பிரித்தால் எல்லையில் பிறந்த குழந்தைக்குப் பாதம் மாறிவிடும்.

இதைவிட முக்கியம் சந்திரன் எந்த நிலையில் இருக்கிறது என்பது. குழந்தை ஜாதகத்தில் மனமும் தாயும் சந்திரன்தான். தைப்பூசத்தன்று பிறந்த குழந்தையும் ஆடி அமாவாசையன்று பிறந்த குழந்தையும் கடக ராசியாக இருக்கலாம். முதலாவதற்குச் சூரியன் மகரத்தில் எதிரே நிற்க, முழு நிலவு சொந்த வீட்டில். இரண்டாவதற்குச் சூரியனோடு ஒட்டி ஒளி குன்றிய சந்திரன், வீடு மட்டும் சொந்தம். இரண்டு பேருக்கும் ஒரே ராசி பலனைப் படித்துக் காட்டுகிறவரிடம் குழந்தையின் குணம் கேட்பதில் பயனில்லை.

விருச்சிகத்தில் சந்திரன் நீசம், அதாவது பலம் குன்றிய நிலை, 3 பாகையில் பரம நீசம். அது விசாகம் 4-ஆம் பாதத்தில் விழுகிறது. இதைக் கேட்டதும் பெற்றோர் முகம் வாடிவிடுகிறது. வைகாசிப் பௌர்ணமியை ஒட்டிப் பிறந்த விருச்சிகக் குழந்தைக்கு முழு நிலவின் பலம் இருக்கும். செவ்வாயோ சுக்கிரனோ லக்னத்துக்கு (பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசிக்கு) அல்லது சந்திரனுக்குக் கேந்திரத்தில், அதாவது 1, 4, 7, 10-ஆம் வீட்டில் இருந்தால் நீசபங்கம், நீசம் நீங்கிவிடும். 'நீசம்' என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறவர் ஜாதகத்தைப் பாதிதான் பார்த்திருக்கிறார்.

2025–26-இல் பிறந்த மீன ராசிக் குழந்தைகளுக்கு ஒரு தனிச் சிக்கல். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி 2025 மார்ச் 29 அன்று மீனத்துக்கு வந்தது. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச்சில்தான். இடைப்பட்ட காலத்தில் பிறந்த மீன ராசிக் குழந்தைக்கு ஒரு பஞ்சாங்கத்தில் சனியும் சந்திரனும் ஒரே வீட்டில், இன்னொன்றில் சனி கும்பத்தில். இரண்டு ஜோதிடர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று பொருளல்ல. எந்தப் பஞ்சாங்கம் என்று முதலிலேயே கேளுங்கள், பிறகு அதையே கடைசிவரை பின்பற்றுங்கள். வசதிப்படும்போது ஒன்று, வசதிப்படாதபோது மற்றொன்று என்று தாவுவதுதான் கெடுதல்.

நேரம் குறிப்பதில் வரும் பிழைகளும் சில உண்டு. அதிகாலை 2 மணிக்குப் பிறந்தால் ஆங்கிலத் தேதி மாறிவிட்டது, பஞ்சாங்க நாள் மாறவில்லை. நமக்கு நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்கும். தினசரி காலண்டரில் மறுநாள் தாளைப் பார்த்து நட்சத்திரம் எழுதினால் ஒன்று தள்ளிப்போக வாய்ப்பு அதிகம். வெளிநாட்டில் பிறந்திருந்தால், இந்தியப் பஞ்சாங்கத்தைப் பார்க்கும் முன் நேரத்தை இந்திய நேரமாக மாற்றுங்கள்: டொராண்டோவில் ஜூலை மாதம் இரவு 9 என்றால் இங்கே மறுநாள் காலை 6.30. லக்னத்தை மட்டும் பிறந்த ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்தே போட வேண்டும். லக்னம் ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை மாறும், ராசியை ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கும் நவாம்ச லக்னம் 13 நிமிடத்துக்கு ஒருமுறை. 'சுமார் எட்டரை' என்று எழுதிய பிறப்புக் குறிப்பை வைத்து ராசி சொல்லலாம், நவாம்சத்தை வைத்து நுணுக்கமாகப் பேச முடியாது.

இனி பயம். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை கணவனின் மூத்த சகோதரருக்கு ஆகாது என்ற பேச்சு, தொட்டிலில் கிடக்கும் பெண் குழந்தையின் கல்யாணத்தை இன்றே கெடுக்கிறது. நூல்கள் கவலைப்படும் இடம் வேறு, அது கண்டாந்தம்: நீர் ராசி முடிந்து நெருப்பு ராசி தொடங்கும் மூட்டு. ஆயில்யம்–மகம், கேட்டை–மூலம், ரேவதி–அசுவினி. அதிலும் நீர் ராசிப் பக்கத்தில் கடைசிப் பாதம் மட்டும்தான் பேச்சில் வரும். நட்சத்திரம் முழுவதும் தோஷம் என்பது ஊர்ப் பேச்சு. வேடிக்கை என்னவென்றால், அதே விதியின்படி ரேவதி கடைசிப் பாதமும் கண்டாந்தம்தான். ரேவதிப் பெண்ணை யாரும் அப்படி ஒதுக்குவதில்லை. 'கேட்டையில் பிறந்தால் கோட்டை கட்டி ஆளும்' என்றும் நாமே சொல்கிறோம். கடைசிப் பாதம் என்று உறுதியானால், அந்த நட்சத்திரம் திரும்ப வரும் 27-ஆம் நாள் வாக்கில் நட்சத்திர சாந்தி செய்வது வழக்கம். மனம் நிம்மதிப்படும் என்றால் செய்யுங்கள். குழந்தைக்கு முத்து மோதிரம் போடுங்கள் என்றால் மட்டும் கேட்காதீர்கள். வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். கழுத்தில் கறுப்புக் கயிறும் அப்படியே, தூக்கத்தில் இறுகும். நீர் ராசிக்குத் 'தண்ணீரில் கண்டம்' என்பதற்கு ஒரே பரிகாரம் குளியலறை வாளியையும் அண்டாவையும் கவிழ்த்து வைப்பது. சில அங்குலத் தண்ணீரே தவழும் குழந்தைக்குப் போதும், ராசி எதுவானாலும்.

இதெல்லாம் பலிக்கிறதா என்பது நியாயமான கேள்வி. 1978-இல் ஜோதிடர் மேயோ, ஒயிட், உளவியலாளர் ஐசங்க் மூவரும் வெளியிட்ட ஆய்வில், சூரிய ராசிப்படி நீர் ராசிக்காரர்களிடம் உணர்ச்சிவசப்படும் தன்மை சற்று அதிகம் என்றே வந்தது. ஜோதிடர்கள் கொண்டாடினார்கள். பிறகு ஜோதிடம் தெரியாதவர்களிடமும் சிறுவர்களிடமும் பார்த்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. தன் ராசிக்கு என்ன குணம் என்று தெரிந்தவர், கேள்வித்தாளில் அதற்கேற்பவே பதில் எழுதியிருக்கிறார். குழந்தைக்கு ராசி தெரியாது, உங்களுக்குத் தெரியும். 'இது விருச்சிகம், வஞ்சம் வைக்கும்' என்று நான்கு வயதுவரை காதில் போட்டு வளர்த்தால் அந்தப் பிள்ளையும் அதை நம்பத் தொடங்கிவிடும்.

நீங்கள் கேட்ட அழுகையைப் பொறுத்தவரை ராசியைவிட வயதைப் பாருங்கள். பிறந்த இரண்டாம் வாரத்தில் அழுகை கூடத் தொடங்கும், ஆறு வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தணியும். ஆறு ஏழு மாதத்துக்கு மேல் புது முகம் கண்டால் மிரளும். ஒன்பது, பத்து மாதத்தில் அம்மா அடுத்த அறைக்குப் போனாலும் அழும். 'கடக ராசி அம்மாவை விடாது' என்று அப்போது சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள், பன்னிரண்டு ராசிப் பிள்ளைகளும் அப்படித்தான் இருப்பார்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்க மறுத்து விடாமல் அழுதாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். சந்திராஷ்டமம் முடியட்டும் என்று காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முழு ஜாதகம் எழுத அவசரப்பட வேண்டாம். பிறந்ததும் குறிப்பு மட்டும் எழுதி வைத்து, ஒரு வயது முடிந்த பிறகு ஜாதகம் எழுதுவதுதான் பல வீடுகளில் வழக்கம். குறிப்பில் ஆங்கிலத் தேதி, மணி நிமிடம், ஊர், எந்தப் பஞ்சாங்கம், நட்சத்திரம் எத்தனை மணி வரை என்பது இருந்தால் போதும்.

பெயர் எழுத்து: பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ, டா, ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ, அனுஷத்துக்கு ந, நி, நு, நே, கேட்டைக்கு நோ, ய, யி, யு, ரேவதிக்கு தே, தோ, ச, சி. அனுஷத்துக்கும் ரேவதிக்கும் நல்ல தமிழ்ப் பெயர்கள் தாராளமாகக் கிடைக்கும். கடகத்துக்குத் திண்டாட்டம்தான், டகரத்தில் தமிழ்ச் சொல்லே தொடங்காது. அந்த எழுத்தில் ஒரு பெயரைப் பெயர் சூட்டும் அன்று காதில் மூன்று முறை சொல்லிவிட்டு, பிறப்புச் சான்றிதழில் உங்களுக்குப் பிடித்த பெயரை எழுதுங்கள்.