100 டிகிரியைத் தொடும் பிராசசர்: டர்போவை அணைக்கலாமா?

கேள்வி: என் டெஸ்க்டாப்பில் இன்டெல் கோர் ஐ7-13700 பிராசசரும் ஒற்றை ஃபேன் டவர் கூலரும் இருக்கின்றன. வீடியோ ரெண்டர் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் வெப்பம் 100 டிகிரியைத் தொடுகிறது. ஃபேன் சத்தம் பக்கத்து அறை வரை கேட்கிறது. டர்போவை அணைத்துவிடு, சரியாகிவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: சரியாகத்தான் ஆகும், மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல. உங்கள் பிராசசரின் அடிப்படை வேகம் 2.1 கிகாஹெர்ட்ஸ், டர்போவில், அதாவது தேவைப்படும்போது தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதியில், 5.2 வரை போகும். டர்போவை அணைத்தால் ரெண்டர் மட்டுமல்ல, பிரௌசரைத் திறப்பதுகூட மந்தமாகிவிடும். இத்தனைக்கும் ஓரிரு கோர்கள் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) மட்டும் வேலை செய்யும்போது சூடு ஒரு பிரச்சினையே இல்லை. எல்லா கோர்களும் சேர்ந்து உழைக்கும்போதுதான் கூலர் திணறுகிறது.

ஆகவே கட்டுப்படுத்த வேண்டியது வாட்டை, வேகத்தை அல்ல. இந்தப் பிராசசருக்கு இன்டெல் தரும் எண்கள் இரண்டு: நீண்ட நேர உழைப்புக்கு 65 வாட், டர்போவின் உச்சத்தில் 219 வாட். பயாஸில் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்புத் திரையில்) இவை முறையே பிஎல்1, பிஎல்2 என்று இருக்கும். உச்சத்தில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு 65-க்கு இறங்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் பல மதர்போர்டுகள் இந்த வரம்பைத் தாங்களாகவே தளர்த்திவிடுகின்றன. சிலவற்றில் 4095 வாட் என்றுகூடப் பார்க்கலாம். வரம்பே இல்லை என்று அதற்கு அர்த்தம். 200 வாட்டுக்கு மேல் தொடர்ந்து வந்தால் ஒற்றை ஃபேன் கூலர் என்ன செய்யும், பாவம்.

வாட்டைக் குறைத்தால் வேகமும் அதே அளவு குறையுமோ என்று பயம் வரும். குறையாது. வேகம் ஏற ஏற வோல்டேஜையும் கூட்ட வேண்டும். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறுகிறது. கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் வாட்டை வாரி இறைக்கிறோம். பிஎல்1, பிஎல்2 இரண்டையும் 125 வாட்டில் வைத்து அதே வீடியோவை ரெண்டர் போட்டுப் பாருங்கள். எத்தனை நிமிடம் கூடுகிறது, எத்தனை டிகிரி குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் சூடாக இருந்தால் 110. 100 டிகிரிக்கு நன்றாகக் கீழே இருந்தால் 140.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை: பயாஸ் அப்டேட். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில் அதிக வோல்டேஜால் தேய்மானம் ஏற்படுவது தெரியவந்து, 2024-இல் இன்டெல் மைக்ரோகோட் (பிராசசரின் உள்ளேயே இயங்கும் நிரல்) திருத்தங்களை வெளியிட்டது; அவை பயாஸ் அப்டேட்டோடு வரும். உங்களுடையதும் அந்த வரிசையில் வருவதுதான். அப்டேட் செய்தால் பழைய அமைப்புகள் அழிந்துவிடலாம், அதனால் முதலில் அதை முடித்துவிட்டு வாட்டைத் தொடுங்கள்.

100 டிகிரி என்றதும் சிப் எரிந்துவிடாது. அதுதான் இதன் உச்ச வரம்பு. அங்கே வந்ததும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எப்படி அங்கே போகிறது என்பதுதான் துப்பு. வெப்பத்தையும் வாட்டையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) போன்ற மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு ரெண்டரைத் தொடங்குங்கள். ஓரிரு வினாடியில் 40-லிருந்து 100-க்குத் தாவினால், வாட்டும் அந்த அளவு அதிகமில்லை என்றால், கூலர் சரியாக உட்காரவில்லை: ஒரு மூலை தளர்ந்திருக்கும், சிப்புக்கும் கூலருக்கும் இடையே தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியும் இருக்கலாம். சிரிக்காதீர்கள், நானே ஒருமுறை அப்படி மாட்டிவிட்டு அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். படிப்படியாக ஏறினால் கூலரின் திறனோ கேபினெட்டின் காற்றோட்டமோ போதவில்லை. கேபினெட்டின் பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பத்து டிகிரி போல இறங்கினால் குற்றவாளி கேபினெட்; முன்பக்கத் தூசி வலையைச் சுத்தம் செய்வதிலிருந்து ஆரம்பியுங்கள்.

அப்புறம் சத்தம். பிராசசர் வெப்பம் கண நேரத்தில் துள்ளும் இயல்புடையது. அதை ஃபேன் அப்படியே பின்தொடர்வதால்தான் விட்டுவிட்டு ஊளையிடுகிறது. பயாஸின் ஃபேன் அமைப்பில் வேகம் மாறுவதற்கு நான்கைந்து வினாடி தாமதம் கொடுங்கள். 60 டிகிரி வரை ஒரே மெதுவான வேகம், அங்கிருந்து சாய்வாக ஏறி 85-இல் முழு வேகம் என்று வையுங்கள்.